வைட்டமின் டி நூறைத் தொட்டால்தான் குழந்தையா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். கல்யாணமாகி 4 வருடம். கணவர் மஸ்கட்டில் இருந்துவிட்டு 14 மாதத்துக்கு முன் ஊரோடு வந்தவர். இப்போது சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார். வாசகிக்கு மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறை, சில தடவை 60 நாள் கழித்து வருகிறது. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ.

சென்ற வருடம் மகளிர் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் பார்த்து சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லி, ரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார். வைட்டமின் டி 9 (ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்கில்) என்று வந்தது. வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் பொடி பாக்கெட் எழுதிக் கொடுத்து, பிறகு மாதம் ஒன்று போதும் என்றாராம். எட்டு வாரம் கழித்து 28. அப்புறம் ஒரு வீடியோவில் “டி குறைவாக இருந்தால் கரு தங்காது” என்று பார்த்ததால் மாதக் கணக்கைக் கைவிட்டு வாரம் ஒன்றாகவே தொடர்ந்திருக்கிறார். 41 ஆனது. ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே ‘30 முதல் 100 வரை’ என்று அச்சடித்திருந்ததால் 100 வரவேண்டும் என்று முடிவு கட்டி, நான்கு மாதமாக வாரம் இரண்டு பாக்கெட். நடுவில் தெரிந்த மெடிக்கலில் சொல்லி ஒரு ஊசி. கூடவே தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. கருமுட்டை வளர டாக்டர் எழுதிய லெட்ரோசோல் மாத்திரையை மட்டும் பிரிக்கவே இல்லை. “டி ஏறாமல் அது வேலை செய்யாது” என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

கணவருக்கு ஒரு பரிசோதனையும் இதுவரை எடுக்கவில்லை. “எங்க வம்சத்துல ஆம்பளைக்குக் குறை கிடையாது” என்பது மாமியாரின் தீர்ப்பு. இந்த நிலையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் நேராக ஐவிஎஃப் (கருவை உடம்புக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா, இல்லை டி 100 ஆகும்வரை காத்திருக்கலாமா என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது பக்கத்தில் வேலைக் களைப்பைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரு மாதமாக மலச்சிக்கல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்து போகவேண்டியிருக்கிறது, “வெயில் காலம் ஆரம்பித்துவிட்டதால் இருக்கும்”. வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிடும் அளவோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அதனால்தான் இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திராமல், கடிதம் படித்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

பாக்கெட்டை இன்றே நிறுத்துங்கள்

வாரம் இரண்டு பாக்கெட் என்றால் 1,20,000 யூனிட். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 17,000க்கு மேல். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒருவர் தினமும் சாப்பிடலாம் என்று சொல்லப்படும் உச்ச வரம்பே 4,000 யூனிட்தான். அதற்கு மேல் ஒரு ஊசி வேறு. கடையில் கிடைக்கும் ஊசிகளில் ஒன்றிலேயே 6 லட்சம் யூனிட் இருப்பதும் உண்டு.

பி, சி வைட்டமின்களில் கூடுதலானது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் அடையாளங்கள் மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், பசியின்மை, வாந்தி. முற்றினால் குழப்பம், சிறுநீரகக் கல், சிறுநீரகச் சேதம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை அவர் அம்மா சிரித்த முகத்தோடு என்னிடம் அழைத்து வந்தார். பத்து நாளாக வாந்தி, சோறு பார்த்தாலே குமட்டல். வீட்டில் கர்ப்பம் என்றே முடிவு செய்து, கையில் இனிப்போடு வந்திருந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு கோடுதான். பையைத் துழாவி அவர் எடுத்துக் காட்டியது, வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய பாக்கெட்டின் காலி உறைகள். தினம் ஒன்றாகச் சாப்பிட்டிருந்தார். ரத்தத்தில் கால்சியம் எகிறிக் கிடந்தது. நான்கு நாள் படுக்கையில் வைத்து சலைன் ஏற்றி அனுப்பினோம். அந்த அம்மாவின் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை.

எனவே பாக்கெட், ஊசி, கால்சியம் மாத்திரை மூன்றையும் நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (டி அளவு) ஆகிய மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். வாந்தியோ தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான்.

ரிப்போர்ட்டில் இருக்கும் ‘30 முதல் 100’ என்பதைப் பள்ளிக்கூட மார்க் போலப் படித்துவிட்டீர்கள். முப்பது பாஸ், நூறு சென்டம் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. அது ஒரு வேலி, அவ்வளவுதான். உள்ளே எங்கே நின்றாலும் சரி. அந்த 30கூடக் கல்லில் எழுதியதல்ல. எலும்புக்கு 20 போதும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011இல் சொன்னது. அதே வருடம் அங்குள்ள ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024இல் புது வழிகாட்டல் வெளியிட்டபோது அந்தச் சங்கமே 30 என்ற இலக்கைக் கைவிட்டது. உங்களுக்கு 41 வந்த அன்றே டி விஷயம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு மாதம் வீணாகப் போயிருக்கிறது.

டி குறைவுதான் காரணமா?

இந்தக் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. மருத்துவ உலகமே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. டி என்பது பெயருக்குத்தான் வைட்டமின், வேலையில் ஹார்மோன். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சினைப்பையிலும் கருப்பையின் உள்சுவரிலும் உண்டு. ஐவிஎஃப் செய்துகொண்ட சுமார் 2,700 பெண்களைப் பற்றிய 11 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். டி போதுமான அளவு இருந்தவர்களுக்குக் குழந்தை பிறந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நீங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இங்கேயே நின்றுவிடுகின்றன.

ஆனால் டி யாருக்குக் குறைவாக இருக்கிறது என்று யோசியுங்கள். எடை கூடியவர்களுக்கு, ஏனென்றால் டி கொழுப்பில் போய் ஒளிந்துகொள்கிறது. வெயிலில் நடமாடாதவர்களுக்கு. நீர்க்கட்டி பிரச்சினை உள்ள பலருக்கு. இந்த எடையும் நீர்க்கட்டியும் தாமாகவே கருத்தரிப்பைத் தள்ளிப்போடக் கூடியவை. அப்படியானால் டி குறைவு குற்றவாளியா, இல்லை குற்றம் நடந்த இடத்தில் சும்மா நின்றிருந்த ஆளா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, டி கொடுத்துப் பார்ப்பது. இத்தாலியில் செய்தார்கள், 2021இல் முடிவு வெளியானது. ஐவிஎஃப் செய்துகொள்ள வந்த, டி 30க்குக் கீழே இருந்த 630 பெண்களில் ஒரு பாதிக்கு ஒரே தடவையாக 6 லட்சம் யூனிட் டி, மறு பாதிக்கு மருந்தே இல்லாத, அதுபோலவே தோன்றும் ஒன்று. டி குடித்தவர்களின் ரத்த அளவு நன்றாகவே ஏறியது. கர்ப்பம்? டி குடித்தவர்களில் 37 சதவீதம், குடிக்காதவர்களில் 40 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே இதைப் படிக்க வேண்டும். அவர்கள் சரியான எடையில் இருந்த பெண்கள் என்பதால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் “டி ஏறினால் கரு தங்கும்” என்று உறுதி கொடுப்பவர்களிடம் இந்தக் கணக்கை யாராவது காட்டினால் தேவலை.

அதற்காக 9ஐ அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் டாக்டர் செய்தது முழுக்கச் சரி. 9 என்பது எலும்பு வலி, தசைச் சோர்வு வரக்கூடிய அளவு. கர்ப்பமானால் பிறக்கும் குழந்தைக்குக் கால்சியம் குறையவும் வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்தது உங்கள் உடம்புக்கும் நாளை வரப்போகும் கர்ப்பத்துக்கும் நல்லது. கர்ப்பத்தை வரவழைக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

நான்கு வருடமா, பதினாலு மாதமா?

கடிதம் முழுக்க “நாலு வருஷமாகக் குழந்தை இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் அப்படிப் பேசலாம், மருத்துவக் கணக்கு வேறு. கணவர் மஸ்கட்டில் இருந்த காலத்தில் இடையே வந்த விடுமுறை நாட்களைத் தவிர நீங்கள் சேர்ந்து வாழவே இல்லை. ஆக 14 மாதம். அதிலும் 45 நாள், 60 நாள் சுழற்சி என்றால், எல்லாச் சுழற்சியிலும் கருமுட்டை வெளிவந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏழு, எட்டு, மிஞ்சிப்போனால் ஒன்பது வாய்ப்புகள்தான் கிடைத்திருக்கும். உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பே கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தையும் தவறவிட்டிருப்பீர்களோ என்று நினைக்கிறேன். “14ஆம் நாளைக் கணக்கு வைத்துத்தான் சேர்கிறோம், மற்ற நாளில் அவருக்கு நைட் ஷிப்ட்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 14ஆம் நாள் 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். 45 நாள் சுழற்சியில் அது 31ஆம் நாள் பக்கம் வரும். நீங்கள் கதவைத் தட்டியபோதெல்லாம் வீட்டில் ஆள் இல்லை! கணக்கே வேண்டாம், ஒன்றுவிட்ட நாள் சேர்ந்திருந்தால் போதும். நைட் ஷிப்ட் இருந்தால் பகலில்.

பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த லெட்ரோசோல்தான் உங்கள் பிரச்சினைக்கு நேரான மருந்து. நீர்க்கட்டியால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத பெண்களுக்கு இன்று உலகெங்கும் முதலில் தரப்படுவது அதுதான். 750 பெண்களை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபின் எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கும் குழந்தை பிறந்தது. இணையத்தில் தேடினால் “தடை செய்யப்பட்ட மருந்து” என்று வரும், பயந்துவிடாதீர்கள். இந்தியாவில் 2011இல் இந்த உபயோகத்துக்குத் தடை போட்டார்கள், 2017இல் எடுத்தும்விட்டார்கள். ஆனால் பழைய சீட்டை வைத்துக்கொண்டு நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, டாக்டர் சொல்லும் நாளில் தொடங்கி, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்தபடி எடுக்க வேண்டிய மருந்து. கால்சியம் ரிப்போர்ட் சரியாக வந்த பிறகு போதும்.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 78 கிலோவில் நாலைந்து கிலோ இறங்கினாலே பலருக்குச் சுழற்சி தானாகச் சீராகத் தொடங்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவரிடம் தினம் ஒரு மணி நேரம் நடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்கால டீயோடு வரும் போண்டாவையும் டீயின் சர்க்கரையையும் விட்டுப் பாருங்கள், அதுவே ஒரு தொடக்கம்.

அவருடைய பரிசோதனை

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. வம்சத்தில் பதினாறு பேர் இருந்தாலும் இதற்கு அது சான்றாகாது. அதிலும் உங்கள் கணவர் பாய்லர் பக்கத்தில் நிற்பவர். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக. நாள் முழுக்க வெப்பத்தில் நின்றால் விந்தணு குறையலாம். குறைந்திருக்கும் என்று சொல்லவில்லை, பார்க்காமல் விடக் கூடாது என்கிறேன்.

அவருக்குத் தேவை ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. செலவு சில நூறு ரூபாய்தான். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் சேராமல் இருந்து கொடுக்க வேண்டும். ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. குறைவாக வந்தால் அதோடு முடிவு கட்டாமல் இன்னொரு முறை பார்க்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை, மூன்று மாதம் ஆகும் என்பதால் நடுவில் வந்த ஒரு காய்ச்சல்கூட ரிப்போர்ட்டைக் கெடுக்கும்.

இதை எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் தயக்கம் என்று புரிகிறது. மாமியார் முன்னால் வேண்டாம். “லெட்ரோசோல் ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு பேர் ரிப்போர்ட்டும் டாக்டர் கேட்டார்” என்று அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொய்யும் இல்லை, எந்த டாக்டரும் கேட்பார்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும்

உங்கள் வயதில், கருமுட்டை சரியாக வெளிவராததுதான் பிரச்சினை என்றால் ஐவிஎஃப் முதல் படி கிடையாது. இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகவும் குறைவாக இருந்தாலோ கதை வேறு. அந்த மையத்தில் குழாய்ப் பரிசோதனை எடுக்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை, ஆனால் தவணைத் திட்டம் மட்டும் விளக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

நாளைக்கு உண்மையிலேயே ஐவிஎஃப் தேவைப்பட்டால், 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மையம் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு எவ்வளவு, பக்கவிளைவு என்ன, செலவு எவ்வளவு என்பதை அவர்களே உங்களுக்கு விளக்க வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்காமல் எதுவும் செய்யக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை ஒன்றும் இல்லை.

அப்புறம், அந்தக் காலை வெயில்

மாமியார் சொல்வதுபோல் ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நிற்பதால் மனசுக்கு நல்லது. டி கிடைக்காது. தோலில் டி உண்டாக்கும் கதிர், சூரியன் நன்றாக மேலே ஏறிய பிறகுதான் நம்மிடம் வந்து சேர்கிறது. கடிகாரம்கூட வேண்டாம்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் நேரம். நம் வீடுகளில் வற்றலும் வடகமும் காயப்போடுகிற வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது.

முகம் கறுத்துவிடும் என்ற கவலை நியாயமானது, அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். முகத்துக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு முழங்கை வரையும் காலும் வெயிலில் படும்படி சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள். மாநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். சாப்பாட்டில் மத்தி, அயிலை, முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் டி உண்டு. ராகியும் முருங்கைக் கீரையும் கால்சியம் தருபவை, டி தருவதில்லை. பால் பாக்கெட்டில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் சேர்ந்த முத்திரை இருந்தால் அதில் டி சேர்த்திருப்பார்கள். பிறகு பாக்கெட் தேவையா, எத்தனை மாதத்துக்கு ஒன்று என்பதைப் புது ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

இவ்வளவு மாத்திரை பட்டியலில் ஃபோலிக் ஆசிட்டைக் காணோம். கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் எல்லாப் பெண்களும் முன்கூட்டியே தினமும் எடுக்க வேண்டியது அது ஒன்றுதான். உங்கள் எடைக்கு எந்த அளவு வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அவரைப் பார்க்கும் அன்றே தொடங்கிவிடுங்கள். தைராய்டு, சர்க்கரை பார்க்காமல் இருந்தால் அதையும் அன்றே பார்த்துவிடலாம்.

பழைய டாக்டரிடமே திரும்பிப் போங்கள். அவர் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பாக்கெட் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் ஒரு நிமிடம் திட்டுவார். சமையலறைக் காலண்டரில் தேதிகளை வட்டம் போட்டு வைத்திருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாள்களைக் கிழித்து ஃபைலோடு எடுத்துப் போங்கள். ஸ்கேனுக்கு முன்னால் அவர் கேட்கப்போவது அதைத்தான்.